பள்ளிக்கும் பணிக்கும் நடுவே அறுபடும் நிதி

மாற்றுத்திறனாளிகளின் கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் இந்தியாவில் அரசு செலவிடும் பணம் மூன்று வழிகளில் போகிறது. உதவித்தொகை, ஸ்கூட்டர், காதொலிக் கருவி என நேராகப் பயனாளியின் கைக்குச் சேர்வது முதல் வழி. சிறப்புப் பள்ளிகள், தொண்டு நிறுவனங்கள், பயிற்சி மையங்கள் ஆகியவற்றுக்கு மானியமாகப் போவது இரண்டாவது. எல்லோருக்குமான பள்ளியையும் அலுவலகத்தையும் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி மாற்றி அமைப்பதற்கான செலவு மூன்றாவது. சிறப்பாசிரியரின் ஊதியம், சாய்தளம், சைகை மொழிபெயர்ப்பாளர், திரைவாசிப்பு மென்பொருளில் பயிற்சி ஆகியவை இந்த மூன்றாவது வகையில் அடங்கும். சட்டம் அதிகம் வலியுறுத்துவது மூன்றாவது வழியை. நிதி மிகவும் மெலிந்து ஓடுவதும் அந்த வழியில்தான். படிப்பைத் தொடங்கிய பிள்ளை வேலையில் போய்ச் சேராமல் நடுவழியில் நின்றுவிடுவதற்கு இது முக்கியக் காரணம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தனர். இது மக்கள்தொகையில் 2.21 சதவீதம். தமிழ்நாட்டில் அவர்களின் எண்ணிக்கை 11.79 லட்சம். 5 முதல் 19 வயதுவரை உள்ள மாற்றுத்திறன் பிள்ளைகளில் 61 சதவீதத்தினர் மட்டுமே அப்போது கல்வி நிலையங்களில் பயின்றனர். 27 சதவீதத்தினர் பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள். தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2018இல் நடத்திய 76ஆவது சுற்று ஆய்வு, அடுத்த கட்டத்தைக் காட்டியது. 15 வயதைக் கடந்த மாற்றுத்திறனாளிகளில் இடைநிலைக் கல்வியோ அதற்கு மேலோ முடித்தவர்கள் 19.3 சதவீதம். அதே வயதினரில் வேலை பார்ப்பவர்களையும் வேலை தேடுபவர்களையும் சேர்த்தாலும் 23.8 சதவீதம்தான். வேலையின்மை 4.2 சதவீதம் என்று அந்த ஆய்வு கூறுவது பார்வைக்கு ஆறுதலாக இருக்கலாம். நூற்றுக்கு 76 பேர் வேலை தேடவே இல்லை என்பதால் அவர்கள் வேலையற்றோர் கணக்கில் வரவில்லை.

சட்டம் டெல்லியில், செலவு மாநிலத்தில்

வேலை பெறுவதற்கும் கல்வி பெறுவதற்கும், உடல்நலம் குன்றிய நிலையில் அரசின் உதவியைப் பெறுவதற்கும் வழி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 41ஆவது கூறு அரசுக்கு அறிவுறுத்துகிறது. பொருளாதார வலிமைக்கு உட்பட்டு என்ற நிபந்தனையும் அதிலேயே இருக்கிறது. ஏழாவது அட்டவணையின் மாநிலப் பட்டியலில், இயலாதோருக்கும் வேலை செய்ய முடியாதோருக்குமான நிவாரணம் 9ஆவது இனமாக இடம்பெற்றுள்ளது. இருவரையும் ஒரே வரியில் சேர்த்த அந்தப் பார்வை, நிதி ஒதுக்கும் முறையில் இன்றும் தெரிகிறது. மாற்றுத்திறனாளிக்கான செலவு நிவாரணமாகவே எழுதப்படுகிறது. வருங்கால வருவாய்க்கான முதலீடாகப் பதிவாவதில்லை.

சட்டம் இயற்றியது நாடாளுமன்றம். 1995ஆம் ஆண்டுச் சட்டம் 3 சதவீத இடஒதுக்கீட்டைத் தந்தது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 2007இல் ஏற்றதைத் தொடர்ந்து, மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 டிசம்பரில் நிறைவேறி, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறைக்கு வந்தது. குறைபாட்டு வகைகள் 7இலிருந்து 21 ஆயின. 40 சதவீதத்துக்குக் குறையாத குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயதுவரை இலவசக் கல்வி, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத இடம் ஆகியவை உறுதியாயின. சமூகப் பாதுகாப்புத் திட்டங்களில் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும் என்று 24ஆவது பிரிவு சொல்கிறது. தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1,200 ரூபாயாகவும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 1,500 ரூபாயாகவும் 2023இல் உயர்த்தப்பட்டபோது அந்த விகிதம் சரியாகப் பொருந்தியது.

இந்தக் கடமைகளில் பெரும்பாலானவற்றை மாநில அரசுகளும் உள்ளாட்சி அமைப்புகளுமே நிறைவேற்ற வேண்டும். ஆனால், கடமையோடு சேர்த்து நிதிப் பங்கீடு எதையும் சட்டம் வகுக்கவில்லை. தேசிய நிதியம் ஒன்றையும் மாநில நிதியங்களையும் அமைக்கச் சொன்னது. அவற்றுக்கு எங்கிருந்து, எவ்வளவு பணம் ஆண்டுதோறும் வரும் என்று சொல்லவில்லை. ஆகவே, உரிமை நாடு முழுவதும் ஒன்றாகவும் அதன் பயன் மாநிலத்துக்கு மாநிலம் வேறாகவும் இருக்கிறது.

நூறு ரூபாயில் இரண்டரைப் பைசா

மத்திய சமூகநீதி அமைச்சகத்தின்கீழ் மாற்றுத்திறனாளிகளுக்கென 2012இல் தனித் துறை உருவானது. 2025-26 பட்ஜெட்டில் அதற்கு ஒதுக்கப்பட்டது 1,275 கோடி ரூபாய். அந்த ஆண்டின் மொத்தச் செலவுத் திட்டம் 50.65 லட்சம் கோடி. நூறு ரூபாயில் இரண்டரைப் பைசா என்பது அதன் பொருள். 2011 கணக்கின்படி பார்த்தால், தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 476 ரூபாய் வருகிறது. கல்வி, ஊரக வளர்ச்சி, தொழிலாளர் நலம் ஆகிய துறைகளும் செலவிடுகின்றன என்பது உண்மை. அந்தத் தொகைகள் ஆங்காங்கே சிதறிக் கிடப்பதால் கூட்டிப் பார்க்க வழியில்லை.

மொத்தத் தொகையைவிட அதன் உட்பிரிவு கூடுதலாகக் கவனிக்கத்தக்கது. உரிமைச் சட்டத்தை நடைமுறைப்படுத்துவதற்கென்றே ஒரு திட்டம் இருக்கிறது. கட்டடங்களில் தடைகளை நீக்குவது, திறன் பயிற்சி, தனித்துவ அடையாள அட்டை ஆகியவை அதிலிருந்துதான் நிதி பெறுகின்றன. இத்திட்டத்துக்கு 2022-23 பட்ஜெட்டில் சுமார் 240 கோடி ஒதுக்கப்பட்டது. அடுத்த ஆண்டு 150 கோடி. அதற்கடுத்த ஆண்டு 135 கோடி. 2025-26இல் 115 கோடி. மூன்றே ஆண்டுகளில் ஒதுக்கீடு பாதிக்கும் கீழே போய்விட்டது. முந்தைய ஆண்டின் பணம் செலவாகவில்லை என்பது இத்தகைய குறைப்புகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். மாநிலங்கள் முன்மொழிவு அனுப்பத் தாமதிக்கின்றன, பயன்பாட்டுச் சான்றிதழ் வராததால் அடுத்த தவணை நிற்கிறது, ஆண்டு முடிகிறது, செலவாகாத தொகை அடுத்த பட்ஜெட்டில் வெட்டப்படுகிறது. செலவழிக்கும் திறனை வளர்ப்பதற்குப் பதிலாக ஒதுக்கீட்டைக் குறைப்பது, படிக்க முடியாத பிள்ளையைப் பள்ளியிலிருந்தே நிறுத்துவதற்கு ஒப்பானது.

இந்தக் குறைப்பு நடந்த அதே காலத்தில்தான், கட்டடங்களும் போக்குவரத்தும் இணையச் சேவைகளும் அணுகத்தக்கவையாக இருப்பதை வெறும் பரிந்துரையாக விட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ராஜீவ் ரதூரி வழக்கில் தீர்ப்பளித்தது. கட்டாய விதிகளை வகுக்கும்படி அரசுக்கு ஆணையிட்டது. கடமை கூடிய ஆண்டுகளில் அதற்கான பணம் சுருங்கியது.

மாநிலங்களில் தமிழ்நாடு ஒப்பீட்டளவில் கூடுதலாகச் செலவிடுகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத் துறைக்கு ஆண்டுதோறும் ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்குகிறது. உலக வங்கியின் 16.2 கோடி டாலர் கடனுதவியுடன் 1,700 கோடியைத் தாண்டும் மதிப்பில் ‘உரிமைகள்’ திட்டத்தையும் தொடங்கியிருக்கிறது. இதன்படி அமையும் ‘விழுதுகள்’ மையங்களில் மறுவாழ்வுச் சேவைகள் பலவும் ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. இருப்பினும், துறையின் செலவில் பெரும்பகுதி பராமரிப்பு உதவித்தொகைக்கே போகிறது. கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான அந்தத் தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 2,000 ரூபாயானது. அது தேவையான செலவு. கல்வியும் வேலையும் வேறு கணக்கு.

பள்ளி: ஒரு நாளைக்கு 16 ரூபாய்

மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் சேர்த்துப் படிக்கவைக்கும் மத்தியத் திட்டம் 1974இல் தொடங்கியது. பின்னர் அது அனைவருக்கும் கல்வி இயக்கத்தில் கலந்து, 2018 முதல் ‘சமக்ர சிக்ஷா’ என்னும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பகுதியாக இருக்கிறது. சிறப்புத் தேவையுள்ள பிள்ளை ஒருவருக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய்வரை இதில் அனுமதி உண்டு. மருத்துவ மதிப்பீட்டு முகாம், உதவி உபகரணம், பிரெய்ல் நூல், பயணப்படி, துணைக்கு வருவோருக்கான படி எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். மாணவியருக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதங்களுக்கு ஊக்கத்தொகை தனி. 220 வேலை நாள்களுக்கு 3,500 ரூபாயைப் பிரித்தால் நாளொன்றுக்கு 16 ரூபாய் தேறும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை இரண்டு கிலோமீட்டர் தொலைவில் உள்ள பள்ளிக்கு ஆட்டோவில் அனுப்பிக் கூட்டிவர எந்த ஊரிலும் அது போதாது. தாய் தூக்கிக்கொண்டு போகிறார். பிள்ளை வளர்ந்து கனம் கூடியதும் பள்ளி நின்றுபோகிறது. ஐந்தாம் வகுப்புக்குப் பின் பள்ளியின் தொலைவு கூடும்போது இடைநிற்றலும் கூடுவதற்கு இதுவே நேரடிக் காரணம்.

பயணச் செலவுக்கு அடுத்தது ஆசிரியர். பொதுப் பள்ளிகளில் சிறப்பாசிரியர் என்று நிரந்தரமாக ஒருவர் இருப்பது அரிது. தமிழ்நாட்டில் அவர்கள் வட்டார வள மையத்தோடு இணைக்கப்பட்டு, தொகுப்பூதியத்தில் பணிபுரிகின்றனர். ஒன்றியத்தின் பள்ளிகளுக்கு முறைவைத்துப் போகிறார்கள். பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போய் வீட்டுவழிக் கல்வி தருகிறார்கள். பார்வையற்ற மாணவருக்குப் பிரெய்ல் கற்பித்தவரே அடுத்த பள்ளியில் செவித்திறன் குறைந்த பிள்ளைக்கும், அதற்கடுத்த வீட்டில் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கும் பயிற்சி தர வேண்டியிருக்கிறது. ஒவ்வொன்றும் தனிப் படிப்பும் தனித் தகுதியும் வேண்டும் துறை. ஆசிரியர் அடுத்த முறை வரும்வரை, வகுப்பாசிரியர் அந்தப் பிள்ளையைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துப் படம் வரையச் சொல்வதுதான் நடக்கிறது. வருகைப் பதிவேட்டில் பிள்ளை இருக்கிறது, பாடத்தில் இல்லை.

ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021 அக்டோபர் 28 அன்று உச்ச நீதிமன்றம் இதற்கு ஓர் அளவுகோலை வகுத்தது. தொடக்க நிலையில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்பது அந்த அளவு. மத்திய அரசும் 2022இல் அதை அறிவிக்கை செய்தது. ஆனாலும் பல மாநிலங்கள் பணியிடங்களை உருவாக்கவில்லை. 2025 மார்ச்சில் அதே நீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பணியிடங்களை அனுமதித்து அறிவிக்கும்படி ஆணையிட்டது. தாமதத்தின் வேர் நிதியில் இருக்கிறது. திட்டப் பணத்தில் தொகுப்பூதியம் தருவது ஆண்டுக்கு ஆண்டு முடிவெடுக்கும் செலவு. நிரந்தரப் பணியிடமோ மாநிலத்தின் ஊதியக் கணக்கில் முப்பது ஆண்டுகளுக்கு நிற்கும் செலவு. நிதித் துறை இரண்டாவதற்கு எளிதில் ஒப்புவதில்லை.

சிறப்புப் பள்ளிகளின் கதை வேறு. தென்னிந்தியாவில் இத்தகைய பள்ளிகள் அரசுக்கு முன்பே மிஷனரிகளால் தொடங்கப்பட்டவை. பாளையங்கோட்டையில் செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் 1897இல் நிறுவினார். இன்றும் இத்துறையில் தொண்டு நிறுவனங்களின் பங்கு பெரிது. 1999 முதல் இருந்துவரும் தீனதயாள் மறுவாழ்வுத் திட்டத்தின் மானியம் அவற்றுக்குக் கிடைக்கிறது. மானியம் ஆண்டு முடிந்தபின் வருவதும் உண்டு; அதுவரை சம்பளத்தைக் கடன் வாங்கித் தர வேண்டும். இதைத் தாங்க முடியாத சிறிய நிறுவனங்கள் விலகிவிடுகின்றன. நன்கொடை திரட்டும் வலிமையுள்ள நகரத்து நிறுவனங்கள் நிற்கின்றன. மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் நல்ல சிறப்புப் பள்ளி கிடைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கல்லூரி: எண்ணிக்கை வைத்த உதவி

ஒன்பதாம் வகுப்பு முதல் படிப்பவர்களுக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகைகள் உள்ளன. 9, 10ஆம் வகுப்பு மாணவர்களுக்கு 25,000 இடங்கள்; 11ஆம் வகுப்பு முதல் முதுநிலைவரை 17,000 இடங்கள்; ஐ.ஐ.டி. போன்ற உயர்நிலை நிறுவனங்களில் படிப்போருக்கு 300 இடங்கள். முதல் இரண்டுக்கும் பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உரிமை என்றால் தகுதியுள்ள எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்; இங்கு நாடு முழுமைக்கும் 17,000 பேர் என்று வரம்பு கட்டப்பட்டிருக்கிறது. தமிழ்நாடு தன் கல்வி உதவித்தொகையை அண்மையில் இரு மடங்காக்கியது. பார்வையற்ற மாணவர்களுக்கு வாசிப்பாளர் உதவித்தொகையும் தருகிறது.

கட்டணத்தைவிடக் கல்லூரியின் அமைப்பே பெரிய தடையாக இருக்கிறது. 5 சதவீத இடஒதுக்கீட்டில் சேரும் மாணவர், மாடியில் நடக்கும் வகுப்புக்கு ஏற முடியாமல் போகிறார். செவித்திறன் குறைந்த மாணவருக்குச் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் செவித்திறன் குறைந்தோருக்கென்றே வணிகவியல், கணினிப் பயன்பாட்டியல் பட்ட வகுப்புகள் நடப்பதால் மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் மாணவர்கள் அங்கே வருகின்றனர். மற்ற மாவட்டங்களில் அத்தகைய ஏற்பாடு இல்லாததால், விடுதிச் செலவையும் சேர்த்துத்தான் அவர்களின் படிப்பு அமைகிறது. இந்தியச் சைகை மொழி ஆராய்ச்சி பயிற்சி மையம் 2015இல் டெல்லியில் அமைந்தும், மொழிபெயர்ப்பாளர் பணியிடம் கல்லூரிகளின் பணியாளர் பட்டியலில் இடம்பெறவில்லை.

தேர்வறையில் ‘சொல்வதை எழுதுபவர்’ உதவி, 40 சதவீதக் குறைபாடு உடையவர்களுக்கு மட்டும் உரியதல்ல என்று விகாஷ் குமார் வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எழுதுபவரைத் தேடிப் பிடிக்கும் வேலை பல இடங்களில் இன்னும் மாணவரின் தலையிலேயே விழுகிறது. பாடம் தெரிந்த, கையெழுத்து விரைந்த ஒருவரைத் தேர்வு நாள்வரை தேடுவது மதிப்பெண்ணைப் பாதிக்கும். கல்லூரியே எழுதுபவர் குழு ஒன்றை ஊதியம் கொடுத்து வைத்திருந்தால் தீரும் சிக்கல் இது.

பயிற்சி: இலக்கும் எட்டியதும்

தொழிலாளர் அமைச்சகத்தின் மறுவாழ்வு மையங்கள் நீண்டகாலமாக இயங்குகின்றன. சென்னை கிண்டியில் ஒன்று உள்ளது. பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் முட்டுக்காட்டில் செயல்படுகிறது. 2015 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட தேசியச் செயல்திட்டம், 2022க்குள் 25 லட்சம் மாற்றுத்திறனாளிகளுக்குத் திறன் பயிற்சி தரும் இலக்கை வைத்தது. அந்த இலக்கின் அருகில்கூட அது வரவில்லை.

பயிற்சி நிறுவனத்துக்குப் பணம் தரும் முறையில் ஒரு பிழை இருக்கிறது. தொகை ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயமாகிறது. ஒரு தையல் வகுப்பில் கை, கால் குறைபாடு லேசாக உள்ள இருபது பேரைச் சேர்ப்பது எளிது. ஆட்டிசமோ கடுமையான மூளை முடக்குவாதமோ உள்ளவருக்குத் தனிப் பயிற்றுநரும் நீண்ட காலமும் வேண்டும். இருவருக்கும் ஒரே தொகை என்றால், நிறுவனம் யாரைச் சேர்க்கும் என்பது தெரிந்ததே. மெழுகுவத்தி, ஊதுபத்தி, தையல், அடிப்படைக் கணினி என்று அதே பட்டியல் திரும்பத் திரும்ப வருவதும் சந்தையைப் பார்த்து வகுத்ததாகத் தெரியவில்லை.

சுயதொழிலுக்கு 1997இல் அமைந்த தேசிய நிதி மேம்பாட்டுக் கழகம், மாநில முகமைகள் வழியாகவும் வங்கிகள் வழியாகவும் குறைந்த வட்டிக்குக் கடன் தருகிறது. பெண்களுக்கு வட்டியில் சலுகை உண்டு. ஆனால், ஜாமீன் இல்லாதவரை வங்கிக் கிளை ஏற்கத் தயங்குவதால், கடன் சொத்துள்ள குடும்பத்தாருக்கே எளிதில் கிடைக்கிறது.

அரசு வேலை: இடம் உண்டு, மேசை இல்லை

அரசின் கீழ்நிலைப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு 1977இல் தொடங்கியது. 1995 சட்டம் அதை எல்லா நிலைகளுக்கும் விரித்தது. இன்றைய 4 சதவீதம் நான்கு ஒற்றைச் சதவீதங்களாகப் பிரிகிறது: பார்வைக் குறைபாடு; செவித்திறன் குறைபாடு; மூளை முடக்குவாதம், தொழுநோயிலிருந்து குணமடைந்தோர், வளர்ச்சி குன்றியோர், அமிலத் தாக்குதலுக்கு ஆளானோர், தசைச் சிதைவு உள்ளோர் உள்ளிட்ட இயக்கக் குறைபாடு; ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகைக் குறைபாடு. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றவை என்று மத்திய அரசு 2021 ஜனவரியில் 3,566 பணிகளைப் பட்டியலிட்டது. உரியவர் கிடைக்காவிட்டால் காலியிடத்தை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல வேண்டும்; அப்போதும் கிடைக்காவிட்டால் வேறு வகைக் குறைபாட்டினருக்குத் தர வேண்டும். ஒதுக்கீட்டைத் தகுதியான பணிகளுக்குள் மட்டும் கணக்கிடாமல், மொத்தக் காலியிடங்களின் மீது கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் 2013 அக்டோபர் தீர்ப்பு தெளிவாக்கியது. பார்வையற்றோருக்கு நீதித் துறைப் பணிகளில் இடமில்லை என்ற நிலையை அதே நீதிமன்றத்தின் 2025 மார்ச் தீர்ப்பு மாற்றியது.

இவ்வளவுக்கும் அரசுக்குக் கூடுதல் செலவு இல்லை. இருக்கும் பணியிடத்தையே நிரப்புகிறது. செலவு தொடங்குவது பணியில் சேர்ந்த பிறகு. அரசு அலுவலகம் உரிய வசதிகளைச் செய்துதர வேண்டும் என்று சட்டத்தின் 20ஆவது பிரிவு சொல்கிறது. பணியில் இருக்கும்போது குறைபாடு நேர்ந்தால் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதும் அதே பிரிவில் உண்டு. ஆனால், அலுவலகச் சில்லறைச் செலவுக் கணக்கில் இந்த வசதிக்கென்று தலைப்பு இல்லை. பார்வையற்ற உதவியாளர் ஒருவரின் மேசையைப் பார்த்தால் இது விளங்கும். அவருடைய கணினியில் என்.வி.டி.ஏ. திரைவாசிப்பு மென்பொருளை நிறுவலாம், அது இலவசம். ஆனால், கடிதங்கள் ஸ்கேன் செய்த படக் கோப்புகளாக வந்தால் அது வாசிக்காது. எழுத்து ஒருங்குறியில் இல்லாவிட்டாலும் தவறாக வாசிக்கும். பக்கத்து இருக்கைக்காரர் படித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. சில மாதங்களில் அவருக்குத் தொலைபேசி எடுக்கும் வேலை மட்டும் மிஞ்சுகிறது. ஊதியம் வருகிறது, பதவி உயர்வுக்கு வேண்டிய கோப்பு அனுபவம் வருவதில்லை. ஆவணம் தயாரிக்கும் முறையை மாற்றவும் ஊழியர்களைப் பயிற்றவும் ஆகும் தொகை, ஓர் அலுவலகத்தின் ஆண்டுச் செலவில் கண்ணுக்குத் தெரியாத அளவே.

தனியார் வேலை: மாதம் 2,287 ரூபாய் தூண்டுகோல்

அரசு வேலைகள் ஒப்பந்த முறைக்கு மாறி வருகையில், பெரும்பான்மை வாய்ப்பு தனியாரிடமே உள்ளது. தனியார் நிறுவனங்களில் 5 சதவீதம் மாற்றுத்திறனாளிகள் பணிபுரிய ஊக்கத்தொகை தர வேண்டும் என்று 35ஆவது பிரிவு கூறுகிறது. அதுவும் அரசின் பொருளாதார வலிமைக்கு உட்பட்டதே. கட்டாய ஒதுக்கீடு இல்லை.

ஊக்கத்தொகைத் திட்டம் இதற்கு முன்பே வந்துவிட்டது. ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலைகளை உருவாக்க, பதினோராவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்துக்கு 1,800 கோடி ரூபாயில் அது அறிவிக்கப்பட்டு, 2008 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மாதம் 25,000 ரூபாய்வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளிக்கு, முதலாளி செலுத்த வேண்டிய வருங்கால வைப்புநிதி, இ.எஸ்.ஐ. பங்கை மூன்றாண்டுகளுக்கு அரசே செலுத்தும் என்பது அன்றைய அறிவிப்பு. 15,000 ரூபாய் ஊதியத்துக்குக் கணக்கிட்டால், வைப்புநிதி 12 சதவீதம் 1,800 ரூபாய், இன்றைய இ.எஸ்.ஐ. விகிதம் 3.25 சதவீதத்தின்படி 487 ரூபாய். மொத்தம் மாதம் 2,287 ரூபாய்.

இதற்காகக் கழிப்பறையை மாற்றி, சாய்தளம் அமைத்து, மேற்பார்வையாளருக்குப் பயிற்சி தந்து, உரிமைகோரல் படிவத்தை நிரப்பும் முதலாளி அரிது. முதல் நாளிலேயே பெரும் செலவு. ஊக்கத்தொகையோ சிறுகச் சிறுக வருகிறது. அதோடு, வைப்புநிதிக்கு உட்படாத சிறு பட்டறைகளுக்கும் கடைகளுக்கும் திட்டம் எட்டவே இல்லை. மாற்றுத்திறனாளிகள் பெரும்பாலும் வேலை தேடுவது அங்கேதான். அறிவித்த இலக்கில் சிறு பகுதியும் நிறைவேறாமல் திட்டம் பெயரளவில் நின்றது.

வேறு நாடுகளின் முறை இதற்கு எதிரானது. ஜெர்மனியில் 20 பணியிடங்களுக்குக் குறையாத நிறுவனம், 5 சதவீத இடங்களைக் கடும் குறைபாடு உள்ளோருக்குத் தர வேண்டும். தராவிட்டால் நிரப்பாத இடத்துக்கு இவ்வளவு என்று ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். அந்தத் தொகையே பணியிட மாற்றங்களுக்கும் உபகரணங்களுக்கும் செலவாகிறது. ஜப்பானில் தனியாருக்கான விகிதம் 2024 ஏப்ரலில் 2.5 சதவீதமானது, விகிதத்தை எட்டாத பெரிய நிறுவனம் ஒவ்வொரு குறைவுக்கும் மாதம் 50,000 யென் செலுத்துகிறது, மீறி வேலை தருவோருக்கு அந்த நிதியிலிருந்து பணம் போகிறது. பிரிட்டன் 1994 முதல், பணிக்குத் தேவையான உபகரணம், போக்குவரத்து, துணையாள் ஆகியவற்றுக்கு ஊழியரின் பெயரில் மானியம் தருகிறது. மூன்றிலும் பொதுவான அம்சம், நிதி பணியிடத்தின் மாற்றத்தோடு கட்டப்பட்டிருப்பது.

உதவித்தொகையும் உழைப்பும்

மத்திய அரசின் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 80 சதவீதக் குறைபாடுள்ள, வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு மாதம் 300 ரூபாய். 2012க்குப் பின் அது உயரவில்லை. தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து காத்திருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கு, படிப்பைப் பொறுத்து மாதம் 600, 750, 1,000 ரூபாய் என்று பத்தாண்டுவரை உதவித்தொகை கிடைக்கும். தொகை சிறியது, ஆனாலும், வேலைக்குப் போனால் உள்ளதையும் இழப்போமோ என்ற அச்சம் பலரை வீட்டில் நிறுத்துகிறது. தனியார் வேலை நிலையற்றது. இழந்த உதவித்தொகையைத் திரும்பப் பெற மீண்டும் சான்றிதழ், மீண்டும் விசாரணை, மீண்டும் வரிசை. மாற்றுத்திறனாளியின் கூடுதல் செலவான ஆட்டோ, மருந்து, துணையாள் ஆகியவை வேலைக்குப் போனாலும் குறையாது, கூடும். எனவே, உதவித்தொகையை ஊதியத்தோடு சில ஆண்டுகள் சேர்ந்தே ஓடவிட்டு, மெல்லக் குறைப்பது செலவைக் கூட்டாது. தமிழ்நாடு நூறு நாள் வேலைத் திட்டத்தில் மாற்றுத்திறனாளிகளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு முழுக் கூலி அளித்தது இதே திசையில் வைத்த ஓர் அடி.

எல்லாவற்றுக்கும் வாசல் சான்றிதழ். 2018 ஆய்வின்படி மாற்றுத்திறனாளிகளில் 28.8 சதவீதத்தினரிடம் மட்டுமே அது இருந்தது. தனித்துவ அடையாள அட்டைக்கு இணையத்தில் விண்ணப்பித்தாலும் மருத்துவக் குழுவின் முன் நேரில் நிற்க வேண்டும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் எலும்பு முறிவு மருத்துவர் இருப்பார். ஆட்டிசத்தையோ கற்றல் குறைபாட்டையோ மதிப்பிடும் உளவியலாளர் இருப்பது அரிது. புதிதாகச் சட்டத்தில் சேர்ந்த வகையினருக்கு உரிமை வந்த ஆண்டில் அதை உறுதிசெய்யும் மருத்துவர் வரவில்லை.

கணக்கும் பொறுப்பும்

மத்திய பட்ஜெட்டில் பெண்களுக்கான செலவைத் தொகுத்துக் காட்டும் தனி அறிக்கை 2005-06 முதல் வருகிறது. குழந்தைகளுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அவ்வாறே உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கு இல்லை. எனவே, எத்தனை ரூபாய் செலவாயிற்று என்பதும், அதனால் எத்தனை பேர் அடுத்த கட்டத்துக்குப் போனார்கள் என்பதும் யாருக்கும் தெரியாது. கல்வித் துறை பத்தாம் வகுப்புவரை எண்ணுகிறது. உயர்கல்வித் துறை சேர்க்கையை எண்ணுகிறது. திறன் மேம்பாட்டுத் துறை பயிற்சி முடித்தோரை எண்ணுகிறது. தொழிலாளர் துறை பதிவு செய்தோரை எண்ணுகிறது. ஒரே ஆளை நான்கு துறைகளும் பின்தொடர்வதில்லை.

செய்ய வேண்டியவற்றை வரிசைப்படுத்தலாம். ஒவ்வொரு துறையும் மாற்றுத்திறனாளிகளுக்குச் செலவிட்டதைத் தொகுத்துத் தனி அறிக்கையாகப் பட்ஜெட்டோடு வைக்க வேண்டும். சிறப்பாசிரியர் ஊதியத்தை ஆண்டுத் திட்டத்திலிருந்து எடுத்து மாநிலத்தின் நிரந்தரப் பணியிடக் கணக்கில் சேர்த்து, அதில் ஒரு பங்கை மத்திய அரசு சட்டப்படி ஏற்க வேண்டும். பிள்ளைக்குத் தரும் 3,500 ரூபாயில் பயணச் செலவைப் பிரித்து, தூரத்துக்கு ஏற்ப வழங்க வேண்டும். கல்வி உதவித்தொகையின் எண்ணிக்கை வரம்பை நீக்க வேண்டும். பள்ளிச் சேர்க்கையின்போதே சான்றிதழ் வழங்கி, மருத்துவக் குழு ஒன்றியத்துக்கு வர வேண்டும். பயிற்சி மானியத்தைக் குறைபாட்டின் கடுமைக்கு ஏற்ப உயர்த்தி, அதில் ஒரு பகுதியை வேலையில் ஓராண்டு நிலைத்தபின் தர வேண்டும். பெரிய தனியார் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடும், எட்டாதவர்களுக்கு ஈட்டுத்தொகையும் சட்டத்தில் சேர்க்க வேண்டும். அந்தத் தொகை தேசிய நிதியத்தில் சேர்ந்தால், பணியிட மாற்றத்துக்குத் தனி வரி தேவைப்படாது. வேலை கிடைத்தபின்னும் குறிப்பிட்ட காலம்வரை ஓய்வூதியம் தொடர வேண்டும்.

இவற்றில் சில செலவைக் கூட்டும். சில இருக்கும் பணத்தைத் திருப்பி விடுவதோடு நிற்கும். இரண்டையும் அளக்க ஓர் எண் போதும்: ஓர் ஆண்டில் பத்தாம் வகுப்பு முடித்த மாற்றுத்திறனாளிகளில், பத்தாண்டுகள் கழித்து ஊதியம் பெறுபவர்கள் எத்தனை பேர்? ஒவ்வொரு மாநிலமும் இந்த விகிதத்தை ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வைக்கக் கடமைப்பட்டால், எந்தக் கண்ணி அறுந்தது, அதற்கு எந்தத் துறை பொறுப்பு, எந்தத் தொகை போதவில்லை என்பது அந்தக் கணக்கிலேயே தெரியவரும்.